எரிந்தால்தான் சுத்தமா?

எங்கள் வீட்டில் உப்புச் சண்டை ஆரம்பித்தது போன வருஷ ஐப்பசி மழையில். அப்பா சாப்பாட்டைக் குறை சொல்கிற ஆள் இல்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் போகும்போது "நல்லாருந்துச்சு" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்வார். பழைய சோறானாலும் கெடா விருந்தானாலும் அதே வார்த்தைதான். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் அரிசிம்பருப்புச் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்புள்ள, இதுல உப்பு போட்டியா இல்லியா?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, "ருசி பாத்துத்தானுங்க எறக்குனேன்" என்றார். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அத்தோடு முடிந்தது. மறுநாள் ரசத்தில் உப்பு இல்லை. அடுத்த நாள் தேங்காய்ச் சட்னியில் இல்லை. பிறகு மோரில். கொஞ்ச நாளில் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு டப்பா நிரந்தரமாக வந்து உட்கார்ந்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் சோற்றின் மேல் உப்பைத் தூவிப் பிசைவதைப் பார்க்கவே எனக்குப் பகீரென்றது.

அம்மாவுக்கு வந்தது வேறு கவலை. கைப்பக்குவம் போய்விட்டதோ என்று தன் நாக்கையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். குழம்பை இறக்குவதற்கு முன் கரண்டியில் எடுத்து ஊதி என் உள்ளங்கையில் ஊற்றி, "கண்ணு, சரியாச் சொல்லு, உப்பு இருக்குதா?" என்பார். இருக்கிறது என்றாலும் நம்ப மாட்டார். இன்னொரு விஷயமும் அப்போது நடந்தது. அதை நாங்கள் யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பாகற்காய் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா, ஒரு கிண்ணம் பாகற்காய்ப் பொரியலைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். வயசானால் புத்தி வரும் போலிருக்கிறது என்று அம்மா சொன்னார்.

இது நாக்கு சம்பந்தப்பட்ட கதை என்பது தெரிய வந்தது பல் டாக்டரிடம். அங்கே போனதும் உப்புக்காக அல்ல. அப்பாவின் கீழ்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி, காவி நிறத்தில் கோடு கோடாகக் கறை விழுந்திருந்தது. வெற்றிலை போட்டுப் போட்டுக் காய்ந்த வாய் மாதிரி. வாழ்க்கையில் பாக்கைத் தொடாதவர் அவர். அம்மா அதையும் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, வெளிய போறப்ப கீது போறப்ப ஏதாச்சும் போடறீங்களா?" அப்பா ரெண்டு நாள் பேசவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் மூன்று பேரும் கிளம்பிப் போனோம்.

## நாற்காலியில் நடந்தது

அந்த டாக்டர் சின்னப் பெண். முன்பு அப்பாவுக்கு ஈறில் ரத்தம் வந்தபோது காரையெல்லாம் சுரண்டி எடுத்து ஆழமாகச் சுத்தம் செய்துவிட்டவர் அவர்தான். அப்பா வாயைத் திறந்தார். விளக்கை இழுத்து வைத்து ஒரே ஒரு பார்வை. கறையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, நான் எழுதிக் குடுத்த மவுத்வாஷ இன்னும் ஊத்திட்டு இருக்கீங்களா?" என்றார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். பின்னே? மூடியில் கோடு வரைக்கும் அளந்து, வேளை தவறாமல், காலையும் இரவும் கொப்பளிக்கிற ஆள். "ஒரு வாரம்னுதானேப்பா எழுதுனேன்?" அதற்கு அப்பா, "ரத்தம் நின்னு போச்சுங்க, நல்ல மருந்து, அதான் விடாம வாங்கறேன்" என்றார். சீட்டு கேட்காமல் தெருமுனை மெடிக்கலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், மாசக்கணக்கில்.

டாக்டர் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு மறக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "சாப்பாட்டுல உப்பு தெரியுதாப்பா?" என்றார்.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பர்ஸை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தே விட்டார். "டாக்டரம்மா, மாசக்கணக்கா என்னையக் கொன்னு எடுக்கறாருங்க!" அந்தச் சின்ன அறையில் அடுத்த ஐந்து நிமிஷம் பல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. ரசம், சட்னி, மோர் என்று அம்மா வரிசையாக வழக்கை எடுத்து வைத்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். அப்பா நாற்காலியில் மல்லாந்து கிடந்ததால் எதிர்வாதம் செய்ய முடியவில்லை.

அந்தச் சிவப்புத் திரவத்தின் பெயர் குளோர்ஹெக்சிடின். 1950களில் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட கிருமிநாசினி. ஆபரேஷனுக்கு முன் தோலைச் சுத்தம் செய்யவும் இதே சரக்குதான். மவுத்வாஷாக நம் கடைகளில் பெரும்பாலும் 0.2 சதவீதத்தில் கிடைக்கும். அதன் பலமே ஒட்டிக்கொள்வதில்தான் இருக்கிறது. அந்த மூலக்கூறுக்கு நேர் மின்னூட்டம். பல், நாக்கு, கன்னத்தின் உள்தோல் எல்லாவற்றிலும் போய்ப் பிடித்துக்கொண்டு, துப்பிய பிறகும் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியைக் கொல்லும். பல் பிடுங்கிய பிறகு, ஈறில் அறுவை செய்த பிறகு, புண்ணால் பிரஷ் வைக்கவே முடியாத நாட்களில், இதைப் போல உதவுகிற வேறொன்று இல்லை. ஆனால் எது பலமோ அதுவே வம்பு. ஒட்டிக்கொண்ட இடத்தில் டீ, காபியின் சாயமும் சேர்ந்து ஒட்டும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் ஃபில்டர் காபி. கறைக்கு வேறு காரணமே வேண்டாம். அதோடு நாக்கில் உப்பையும் கசப்பையும் மழுங்கடிக்கும். இனிப்பும் புளிப்பும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பாகற்காய் மர்மமும் அங்கேயே விடுபட்டது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அப்பா காலையில் பல் தேய்த்த கையோடு இதை ஊற்றிக் கொப்பளிப்பார். பற்பசை நுரைப்பதற்காகப் போடும் சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் வாயிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் மருந்து செத்துவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது அதனால்தான். ஆக, காலை வேளை ஊற்றியதில் நிறையவே வீணாகியிருக்கலாம். இரவு சாப்பிட்டுவிட்டு, பல் தேய்க்காமல் வெறுமனே கொப்பளித்துவிட்டுப் படுத்ததுதான் மருந்தாகவும் வேலை செய்திருக்கிறது, உப்பையும் தின்றிருக்கிறது. ஈறில் ரத்தம் நின்றதற்குக் காரணமும் இந்தத் திரவம் அல்ல, காரையைச் சுரண்டி எடுத்ததுதான் என்று டாக்டர் சொன்னபோது அப்பா முகத்தில் அவ்வளவு ஏமாற்றம். அளந்து அளந்து ஊற்றியதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கறையைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். மருந்தை நிறுத்திய பிறகு கொஞ்ச நாளில் உப்பும் திரும்பி வந்தது. அப்பா அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் சாம்பாரைத் தொட்டுவிட்டு, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார். அம்மா பதிலுக்கு ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

## மருந்தும் வாசனையும் ஒரே தட்டில்

அதற்குப் பிறகு நான் மெடிக்கல் ஷாப்புக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போகும்போதெல்லாம் மவுத்வாஷ் அடுக்கிய தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீலம், பச்சை, ஊதா, சிவப்பு. எல்லாவற்றுக்கும் நம் வாயில் ஒரே பெயர், மவுத்வாஷ். ஒன்று டாக்டர் சொல்லி, சொன்ன நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து. ஒன்று பற்சிதைவைத் தடுக்க ஃபுளூரைடு கலந்தது. ஒன்று எண்ணெய்கள் கலந்து, பல்லில் படியும் கிருமிப் படலத்தையும் ஈறு வீக்கத்தையும் ஓரளவு குறைப்பது. இன்னும் சில, வாயில் ஏலக்காய் மென்ற மாதிரி கொஞ்ச நேரம் மணப்பதோடு சரி. தினமும் மவுத்வாஷ் பயன்படுத்தலாமா என்று கேட்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எதை என்பதுதான். ஆனால் பாட்டிலின் முன்பக்கத்தில் அதைத் தவிர மற்ற எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது. என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்பது பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில்.

தினசரி வரிசையில் இதை நுழைத்ததே விளம்பரம்தான் என்பது என் கட்சி. லிஸ்டரின் என்ற மவுத்வாஷின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜோசப் லாரன்ஸ் என்ற மருத்துவர் தயாரித்தது. அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரை வைத்தார்கள். முதலில் அது புண் கழுவும் திரவம். பிறகு பல் மருத்துவர்களுக்கு விற்றார்கள். 1914இல் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம் என்றானது. 1920களில்தான் நிறுவனம் உண்மையான சந்தையைக் கண்டுபிடித்தது: வாய் நாற்றத்தால் கல்யாணம் ஆகாமல் போன பெண், நண்பர்கள் முதுகுக்குப் பின்னால் பேசும் ஆண் என்று படம் போட்டு விளம்பரம். அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒன்று வியாதியாகிவிட்டது. ஜலதோஷத்தையும் தொண்டை வலியையும் தடுக்கும் என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்ததற்கு, அமெரிக்க வர்த்தக ஆணையம் 1975இல் ஒரு விநோதமான தண்டனை கொடுத்தது. தடுக்காது என்று நிறுவனமே தன் காசில், 1 கோடி டாலர் அளவுக்கு விளம்பரம் செய்ய வேண்டும்! நீதிமன்றம் வரை போயும் அந்த உத்தரவு நின்றது.

அந்தப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தைமால், மெந்தால், யூகலிப்டால், மெத்தில் சாலிசிலேட். பெயரைக் கேட்டால் ஏதோ ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது. தைமால் நம் ஓம உப்பு. ஓமத்தைக் கசக்கி முகர்ந்தால் வருகிற அதே நெடி. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறியது இதைப் பிரித்தெடுக்கத்தான். மெந்தால் என்பது புதினா உப்பு. யூகலிப்டால், ஊட்டிக்குப் போய்விட்டு வருகிற ஒவ்வொரு கோயம்புத்தூர்க்காரர் பையிலும் இருக்கும் நீலகிரித் தைலம். மெத்தில் சாலிசிலேட், அதே ஊட்டிக் கடையில் பக்கத்துத் தட்டில் மூட்டுவலிக்கு விற்கும் வின்டர்கிரீன் தைலம். எங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் நான்கும் இருந்தன, தனித்தனிக் குப்பியாக. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கலக்கக் கிளம்பிவிட வேண்டாம். வின்டர்கிரீன் தைலம் ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனாலே குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து.

## அந்த எரிச்சல்

என் வீட்டுக்காரரின் பாட்டில் நீலம். வாயில் ஊற்றி, கண்ணில் நீர் வரும் வரை வைத்திருந்து துப்பிவிட்டு, "ஆங்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அப்பாவும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார், சுர்ரென்று இருந்தால்தான் மருந்து என்று. காயத்தில் டிங்சர் வைத்து ஊதிவிட்ட தலைமுறைக்கு அது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது.

ஆனால் எரிச்சல் கிருமியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆல்கஹால், நம் நரம்பில் சூட்டை உணரும் ஏற்பியைக் குறைந்த வெப்பத்திலேயே தூண்டிவிடுகிறது. அதனால் வாயின் சாதாரணச் சூடே சுடுவதாகத் தெரிகிறது. மெந்தால் அதற்கு நேர்மாறாகக் குளிர்ச்சியை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. சுட்டுக் குளிர்கிற அந்த உணர்வு மூளைக்கு நடக்கிற நாடகம். பழைய லிஸ்டரினில் ஆல்கஹால் 26.9 சதவீதம். பீரைப் போலப் பல மடங்கு. ஆனாலும் கிருமியைக் கொல்ல அது போதாது, கைக்குப் போடும் சானிடைசருக்கே குறைந்தது 60 வேண்டும். ஆல்கஹால் அங்கே இருப்பது தண்ணீரில் கரையாத எண்ணெய்களைக் கரைத்து வைக்கத்தான். ஆல்கஹால் இல்லாத வகைகளும் கடையில் உண்டு. வாய் உலர்ந்து போகிறவர்களுக்கு அதுதான் உசிதம். எச்சில் குறைந்தால் நாற்றம் கூடும். நாற்றத்துக்காக ஊற்றுகிற ஆல்கஹாலே வாயை உலர்த்தினால் என்ன செய்வது?

பல்லில் படிவது வெறும் அழுக்கும் அல்ல. கிருமிகள் பசை போலச் சுரந்து அடுக்கடுக்காகக் கட்டிக்கொள்ளும் படலம். தண்ணீர்த் தொட்டிச் சுவரின் பாசி மேல் குழாயைப் பீய்ச்சினால் மேலாக வழுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் கதைதான். தேய்க்காமல் போகாது. வாய் நாற்றமும் பெரும்பாலும் கிளம்புவது வயிற்றிலிருந்து அல்ல, நாக்கின் பின்பகுதியிலிருந்தும் ஈறின் இடுக்கிலிருந்தும்தான். அங்கே ஒளிந்திருக்கும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன, அழுகின முட்டை நெடிக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு உட்பட. விடிகாலையில் தெருவே அதிர நாக்கு வழித்துக் காறித் துப்பும் நம் தாத்தாக்களைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். சத்தத்தைக் கழித்துவிட்டால், அவர்கள் செய்தது சரியான இடத்தில் சரியான வேலை.

## எப்போது

இதைச் சொன்னால்தான் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். பல் தேய்த்த உடனே மவுத்வாஷ் ஊற்றுவது, இருப்பதிலேயே மோசமான நேரம். ஃபுளூரைடு பற்பசையில் சுமார் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு, ஃபுளூரைடு இருக்கும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டால், பல்லின் மேல் அது தங்கி எனாமலை இறுக்கும். தினசரி ஃபுளூரைடு மவுத்வாஷிலோ சுமார் 225 பிபிஎம்தான். அதை மேலே ஊற்றினால் கெட்டியானதைக் கழுவிவிட்டு நீர்த்ததை வைக்கிறோம். ஃபுளூரைடே இல்லாத வாசனை வகையானால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை, தேய்த்தவுடன் தண்ணீரில்கூடக் கொப்பளிக்காதீர்கள் என்று சொல்கிறது. வாய் நிறையத் தண்ணீர் பிடித்து நாலைந்து முறை கொப்பளிக்காவிட்டால் பல் தேய்த்ததாகவே நினைக்காத நமக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பழகினேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு மிகுந்து பல்லெல்லாம் காவி ஏறிக் கிடக்கிற ஊர்களின் கணக்கு வேறு. அங்கே டாக்டரைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

அப்படியென்றால் எப்போது? மத்தியானம். ஆபீஸில் சாப்பிட்ட பிறகு, பிரஷ் கையில் இல்லாத நேரத்தில். நான் இப்போது மேசை இழுப்பறையில் ஆல்கஹால் இல்லாத ஃபுளூரைடு பாட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். மறந்துபோன நாளில் வெறும் தண்ணீர். பற்களில் கிளிப் போட்டிருக்கிறவர்கள், அடிக்கடி சொத்தை விழுகிறவர்கள் ஆகியோருக்கு ஃபுளூரைடு வகையால் நிஜமாகவே லாபம் உண்டு. மற்றவர்களுக்கு அது இல்லாமல் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

அப்பா விஷயத்தில் என்னை அதிகம் உறுத்தியது கறையோ சண்டையோ அல்ல, அந்த ரத்த அழுத்தம். நாக்கில் உள்ள கிருமிகள் எல்லாமே எதிரி இல்லை. பீட்ரூட், கீரை ஆகியவற்றில் இருக்கும் நைட்ரேட்டை அவைதான் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்து ரத்தக் குழாய்களைத் தளர்த்திக்கொள்கிறது. லண்டனில் 19 ஆரோக்கியமானவர்களை ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அவர்களின் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஏறியதும் கொஞ்சம்தான். ஆனால் அப்பா மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு பக்கம் நாக்குக் கிருமியைக் கொன்று, மறுபக்கம் உப்பு தெரியாமல் சோற்றில் அள்ளிப் போட்டு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உப்பு, அவர் மத்தியானச் சோற்றிலேயே முடிந்திருக்கும். கடையில் சீட்டு கேட்டிருந்தால் நடந்திருக்காது என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இரவில் நிறுத்திவிட்டார், அதுவரை சமாதானம். காலையில் மட்டும் முடியாதாம். எரியாவிட்டால் அன்றைக்கு ஆபீஸில் வாயைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறதாம். சரி, முதலில் நீலத்தை ஊற்றிக்கொண்டு அப்புறம் பல் தேயுங்கள் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள், தேய்த்தால் எரிச்சல் போய்விடுகிறது என்கிறார்.